பச்சரிசி விரதமும் வண்டிக்காரரின் கால்களும்

சென்ற மாதம் என் முழங்கால்களைக் காட்டுவதற்காக, என் பாதி ஆயுள் கழிந்த அதே மருந்தகத்துக்கு நோயாளியாகப் போனேன். மேசைக்குப் பின்னால் புதிதாக வந்த டிரஸ்ஸர் தம்பி உட்கார்ந்திருந்தார். என்ன உபாதை என்று கேட்டார். மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கிறது, பாசார் கடைகள் வரை நடந்தால் களைப்பாக இருக்கிறது என்று சொன்னேன். "வயசாச்சுலா பெரியப்பா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலில் மருந்தை ஊற்றி நீட்டினார். ஊற்றி முடிக்கும் வரை தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வெளியே வரிசை ரொம்ப நீளம். ஆனாலும் வீட்டுக்கு வந்து பாட்டிலை அலமாரியில் வைத்தபோது மனசுக்குள் சுருக்கென்றது. என் முழங்காலை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

கனகசபை டாக்டராக இருந்தால் தொட்டுப் பார்த்திருப்பார். அவரைப் பற்றியும், அவர் கையில் வந்த ஒரு வண்டிக்காரரைப் பற்றியும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பினாங்கில் டிரஸ்ஸர் என்றால் யார் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டருக்குக் கீழே, கூலிக்கு மேலே. புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்து கலக்குவது, காய்ச்சல் பார்ப்பது, வெள்ளைக்கார டாக்டர் வந்தால் அவர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை இங்கிலீஷிலும் திருப்பிச் சொல்வது, எல்லாம் எங்கள் வேலை. நான் பெரியாஸ்பத்திரியில் பாட்டில் கழுவத் தொடங்கி, வார்டில் கட்டுப்போடக் கற்று, பரீட்சையில் ஒருமுறை தவறி மறுமுறை தேறி, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கையில் கார்பாலிக் வாடை ஏறியதுதான் மிச்சம்.

கம்பெனிக்குக் கடற்கரை ஓரம் சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கிகள் இருந்தன. அவற்றின் பின்னால் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி ஆட்கள் குடியிருக்கும் லயம். மூட்டை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள், மாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் மருந்தகம்தான். வருகிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரே புகார்தான்: உடம்பு முடியவில்லை. அதற்கு எங்களிடம் ஒரே மருந்துதான் இருந்தது: உள்ளுக்குக் குடிக்கக் கசப்பான சாலிசிலேட் மிக்சர், மேலே தேய்க்க மூக்கைத் துளைக்கும் தைலம். மிக்சரைப் பெரிய ஜாடியில் முதல்நாளே கலக்கி வைத்துவிடுவோம். கிழவர்கள் வரிசையில் வந்து, ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி.

கனகசபை டாக்டர் வந்த முதல் வாரமே அந்த ஜாடியைப் பார்த்து, "இது ஆருக்கு?" என்று கேட்டார். கிழவர்களுக்கு என்றேன். "எந்தக் கிழவருக்கு?" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், பேச்சு மெதுவாக இருக்கும், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகிவிடும். நோயாளி நின்றுகொண்டிருக்கத் தான் உட்கார்ந்து பேசமாட்டார். நோயாளியை உயரமான ஸ்டூலில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் ஒரு முக்காலியில் குந்திக்கொள்வார். கூலிக்கு எதிரே டாக்டர் தாழ உட்காருவதைப் பார்த்து கணக்கு எழுதும் எங்கள் கிராணி முகத்தைச் சுளிப்பார். டாக்டர் அதைக் கண்டுகொண்டதே இல்லை. "காலைப் பாக்கிறவன் காலுக்குக் கிட்ட இருக்க வேணும்" என்பார்.

நம்முடைய ஆட்கள் வலித்தாலும் முடியவில்லை என்பார்கள், களைத்தாலும் முடியவில்லை என்பார்கள், மகனோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும் முடியவில்லை என்பார்கள். டாக்டர் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நோயாளியை விடமாட்டார். வலிக்கிறதா, களைக்கிறதா என்று பிரித்துக் கேட்பார். காலையில் எழுந்ததும் விறைப்பாக இருந்து, நடக்க நடக்கச் சரியாகிறதா? காலையில் சும்மா இருந்து, வேலை செய்யச் செய்ய மோசமாகிறதா? வலி மூட்டுக்குள்ளா, சதையிலா? கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான்: நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? சோறு என்று சொன்னால் போதாது. எந்தச் சோறு, தொட்டுக்கொள்ள என்ன, யார் சமைத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். வெளியே வரிசையில் நிற்பவர்கள், உள்ளே கல்யாணப் பந்தி நடக்கிறது என்று கேலி செய்வார்கள்.

கேட்ட பிறகு கைவேலை. நோயாளியைக் குந்தி எழச் சொல்வார். கையை எங்கும் ஊன்றக்கூடாது. பிறகு கெண்டைக்கால் சதையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடித்து அழுத்துவார். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் விரலை அழுத்தி எடுத்து, குழி விழுகிறதா என்று பார்ப்பார். காலைத் தொங்கவிடச் சொல்லி, முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தால் தட்டி, கால் தானாக உதைக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஒரு கோழி இறகு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் இறகால் தடவுவார். எங்கே தடவினேன் என்று கேட்பார். இறகைச் சுத்தமாக வைத்திருப்பது என் பொறுப்பு. நல்ல இறகாகக் கிடைக்க நான் காதர் நானாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

காதர் நானா கம்பை ஒரு தோளில் வைத்து, ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் கறிச் சட்டிகள் என்று தூக்கிக்கொண்டு வந்து கிட்டங்கி வாசலில் விற்பவர். அவருக்கும் தோள்மூட்டு வலி வந்தது. தைலம் போதும் என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் மறுநாள் மத்தியானம் கிட்டங்கி வாசலுக்குப் போய், அவரிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அவர் கம்பை எடுப்பதையும் வைப்பதையும் பார்த்தார். தோளை மாற்றித் தூக்கச் சொன்னார். நானா சம்மதிக்கவில்லை. தோளை மாற்றினால் குழம்பு முன்னால் வந்துவிடும், கை தப்பும், முதல் நாளே வாடிக்கையாளர் மேல் கொட்டும் என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு டாக்டர் வேறொன்று சொன்னார்: தோளை மாற்ற வேண்டாம், இறக்கி வைக்கும் இடத்தை உயர்த்துங்கள். நானா இரண்டு மரப்பெட்டிகளைத் தேடிப்பிடித்து வாசலில் போட்டார். குனிந்து தூக்குவது நின்றது, வலியும் பாதி நின்றது. மீதிப் பாதி வயசு என்று டாக்டரே சொல்லிவிட்டார். வயசு என்ற சொல்லை அவர் சொல்லக்கூடாதென்று வைத்திருக்கவில்லை. கடைசியில் சொல்வார், அவ்வளவுதான்.

இப்போது அய்யாக்கண்ணு விஷயத்துக்கு வருகிறேன். 1918-ல் பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்த காலம்.

அய்யாக்கண்ணு நாகப்பட்டினம் பக்கத்தவர். இளவயதில் கப்பலேறி வந்து, அன்றிலிருந்து கம்பெனியில் வண்டி ஓட்டியவர். மனைவி இங்கேயே செத்துப்போனாள். ஒரே மகள் அஞ்சலை. மருமகன் கப்பலில் கரி தள்ளும் வேலை. மாதக்கணக்கில் கரையைப் பார்க்கமாட்டான். அதனால் அஞ்சலை அப்பாவோடு லயத்து அறையில்தான் இருந்தாள். அந்த அறை அவர் வேலைக்காகக் கொடுத்த அறை. அவருக்கு வேலை இருக்கும் வரைதான் அவளுக்குக் கூரை.

ஒரு வருஷமாகவே அவர் எங்களிடம் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். முட்டி குத்துகிறது, கால் கனக்கிறது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது என்பார். கிராணியும், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரும் அது வயசு என்றார்கள். அவரும் வயசு என்றார். ஒருநாள் வண்டியின் ஏர்க்காலில் கால் வைத்து ஏறும்போது வழுக்கி, மாட்டுக் காலடியில் விழுந்தார். மாடு நல்ல மாடு, மிதிக்கவில்லை. ஆனால் மண்டோர் மேலே சொல்லிவிட்டார். ஆறு வாரம் கழித்து இரண்டு டாக்டர்கள் கூடிப் பார்ப்பார்கள், வேலைக்குத் தகுதியில்லை என்று தெரிந்தால் அவரை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று உத்தரவு வந்தது. கம்பெனி செலவில் கப்பலில் மேல்தட்டுப் பயணம், நாகப்பட்டினத்தில் இறங்கிக்கொள்ளலாம். கம்பெனி அதை உபகாரமாகத்தான் நினைத்தது.

உத்தரவு வந்த மறுநாள் அய்யாக்கண்ணு மருந்தகத்துக்கு வந்தார். பாட்டில் கொண்டுவரவில்லை. நேராக டாக்டரிடம் போய், "அய்யா, என் மவ அஞ்சு மாசம். எனக்கு அங்க யாருமில்ல. அவ பெத்து எந்திரிக்கிற வரைக்கும் என்னைக் கப்பல் ஏத்தாம பாத்துக்குங்க, அது போதும்" என்றார். அவர் அழவில்லை.

டாக்டர் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தான் முக்காலியில் குந்தினார். அய்யாக்கண்ணு செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு வாசலில் இருந்தது. மற்றது நடைபாதையிலேயே கழன்று கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. நான் போய் எடுத்து வந்ததைப் பார்த்த டாக்டர், முதலில் கேள்வி கேட்காமல் இறகை எடுத்தார். பாதத்தில் தடவினார், கண்ணை மூடியிருந்த அய்யாக்கண்ணு, எப்போது தொடப்போகிறீர்கள் என்று கேட்டார். முட்டியில் தட்டினார், கால் அசையவில்லை. கெண்டைச்சதையை லேசாகத்தான் பிடித்தார். மனுஷர் ஸ்டூலோடு துள்ளினார். குந்தச் சொன்னார். குந்தினார், ஆனால் எழ முடியவில்லை. நானும் டாக்டரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

இந்தக் கால்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பெரியாஸ்பத்திரியில் ஒரு வார்டு நிறைய இப்படிப்பட்ட கால்கள் இருந்தன. ஆனால் அத்தனையும் சீனர்களின் கால்கள். பெரிபெரி என்று அதற்குப் பெயர். மில்லில் தீட்டிய வெள்ளைச் சோற்றையே தின்பவர்களுக்கு வருவது, புழுங்கலரிசி தின்னும் தமிழர்களுக்கு வராது என்று எங்களுக்கெல்லாம் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாடம் உண்மைதான். தமிழர் வார்டில் மலேரியா இருக்கும், சீதபேதி இருக்கும், பெரிபெரி இருக்காது. அதனால் ஒரு தமிழ்க் கிழவர் கால் முடியவில்லை என்றால், பினாங்கில் ஒருவருக்கும் அந்தப் பெயர் வாயில் வராது.

டாக்டர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"நேற்று என்ன சோறு சாப்பிட்டனீங்கள்?"

"பச்சரிசிச் சோறுங்க."

"ஏன், புழுங்கல் இல்லையோ?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அஞ்சலைக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் போய்விட்டன. முதல் பிள்ளை காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு அய்யாக்கண்ணு தண்ணீர்மலைக் கோயிலில் முருகனுக்கு வேண்டிக்கொண்டார்: மகள் கையில் ஒரு பிள்ளை தங்கும் வரை ஒருவேளைச் சோறு, அதுவும் பச்சரிசி. புழுங்கல் ஒருமுறை வெந்த அரிசி, சாமிக்கு ஆகாது, விரதக்காரனுக்கும் ஆகாது. மீன் கூடாது, வீட்டில் அந்த வாடையே வரக்கூடாது. இரண்டாவது பிள்ளையும் போனதும், விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பயந்து, தனக்கு ரொம்பப் பிடித்த சாம்பாரையும் விட்டார். சோறு, ரசம், மோர். பச்சரிசி தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

டாக்டர் இறகைக் கீழே வைத்தார். பிறகு, ஊரில் இருந்தபோது உங்கள் அம்மா பச்சரிசியை எங்கே வாங்குவார் என்று விசாரித்தார். வாங்குவதாவது, உரலில் குத்துவதுதான் என்றார் அய்யாக்கண்ணு. குத்தினால் என்ன நிறமாக இருக்கும்? கொஞ்சம் பழுப்பாக இருக்கும், தவிடு ஒட்டியிருக்கும். இங்கே? இங்கே சயாம் அரிசி, பல் மாதிரி வெள்ளையாக இருக்கும் என்று சொன்னார், சற்றுப் பெருமையோடு.

"பெரியவர், உங்கட விரதத்தில ஒரு பிழையுமில்லை" என்றார் டாக்டர். "பிழை அரிசியில. ஊர்ப் பச்சரிசி வேற, மில்லில தீட்டின பச்சரிசி வேற. உடம்புக்குப் பலம் தாறது தவிட்டோட போயிட்டுது. வெறும் மாவைத்தான் சாப்பிட்டிருக்கிறீங்கள்."

புழுங்கலுக்கு மாறிவிட்டால் கால் திரும்பும் என்றார். அய்யாக்கண்ணு கைகூப்பினார். முடியாது என்றார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது விரதத்தை உடைத்து, அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால் மகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். நான் கொஞ்சம் சூடாகவே பேசினேன்: விரதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், அப்போது மகளை யார் பார்ப்பார்கள்? அவருக்கும் அது தெரியும். இரண்டு பக்கமும் அதே மகள்தான்.

வேறொரு டாக்டராக இருந்தால், உன் இஷ்டம் என்று கையைக் கழுவியிருப்பார். கனகசபை டாக்டர் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எதெல்லாம் விரதத்துக்கு ஆகாது என்பதைக் கேட்டுவிட்டேன், எதெல்லாம் ஆகும் என்று இப்போது சொல்லுங்கள் என்றார். பால், மோர், வாழைப்பழம், வெல்லம், தேங்காய் என்று அடுக்கிக்கொண்டே வந்த அய்யாக்கண்ணு, கோயிலில் கொடுக்கும் பயறு என்றார். டாக்டர் அங்கே நிறுத்தினார்.

"பச்சைப் பயறோ?"

"ஆமாங்க. சாமிக்குப் படைக்கிறதாச்சே. அதுக்கென்ன?"

டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். தோலோடு பச்சைப் பயறு, தினமும் ஒரு பெரிய கிண்ணம், வேகவைத்து, வெந்த தண்ணீரையும் கொட்டாமல் குடிக்க வேண்டும். இந்தக் காலுக்குப் பயறு நல்ல மருந்து என்று ஜாவாப் பக்கத்து டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். ஒருவேளைச் சோற்றுக்குப் பங்கம் வராது, பயறு பலகாரக் கணக்கு என்று அய்யாக்கண்ணுவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சமைப்பதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மகளை அனுப்பி வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அஞ்சலை இரண்டு நாள் கழித்து வந்தாள். நல்ல உயரம், கண்ணுக்குக் கீழே கருவளையம், பேச்சு கொஞ்சம்தான். டாக்டர் பயறு வேகவைக்கும் விதத்தைச் சொன்னார். பிறகு வழக்கம்போல, நீ என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"அப்பா சாப்பிடறதுதான். ரெண்டு பேருக்கு ரெண்டு பானை வைக்க முடியுமா?"

டாக்டர் கையில் பேனா இருந்தது. அதை அவர் கீழே வைக்கவில்லை, ஆனால் எழுதவும் இல்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். மூத்தது போனதிலிருந்து என்றாள். அவள் கெண்டைக்காலையும் பிடித்துப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்புறம், மிகவும் மெதுவாக, இரண்டாவது பிள்ளை எப்படிப் போனது என்று கேட்டார்.

"நல்லா கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. மூணாம் மாசம் பாலைக் கக்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அழுவுச்சு. வாயைத் தொறந்து அழுவுது, சத்தமே வரல. சாயங்காலம் போயிருச்சு. கண்ணு பட்டிருச்சுன்னாங்க."

அவள் அதைச் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது. கடையில் என்ன வாங்கினாள் என்று சொல்வதுபோல் சொன்னாள். டாக்டர், அப்பாவுக்குக் கொடுப்பதைவிட நீ அதிகம் சாப்பிட வேண்டும், பிள்ளை பிறந்த பிறகும் நிறுத்தக்கூடாது, பால் கொடுக்கும் வரைக்கும் பயறு இருக்க வேண்டும் என்றார். தனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவள் கேட்டாள். "உனக்கில்லை, பிள்ளைக்கு" என்றார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் போன பிறகு டாக்டர் கையைக் கழுவினார். எந்தக் காயத்தையும் தொடாமலே ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என்னிடம் சொன்னார்: அந்தக் குழந்தையைக் கண் கொல்லவில்லை. தாய் வெள்ளை அரிசியே தின்றால் பாலிலும் அந்தச் சத்து இருக்காது. பார்க்கக் கொழுத்திருக்கும் குழந்தை, சத்தமில்லாமல் அழுது, சில மணி நேரத்தில் போய்விடும். பெரிபெரியின் குழந்தை உருவம் அது. நான் ஒரு நிமிஷம் கழித்துத்தான் முழுக்கப் புரிந்துகொண்டேன். மூத்த பிள்ளை செத்தது காய்ச்சலில். அந்தச் சாவுக்காக எடுத்த விரதம்தான் இரண்டாவதைக் கொண்டுபோயிருக்கிறது. பிள்ளை தங்க வேண்டும் என்று அந்த மனுஷர் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியவருக்கு இது தெரியக் கூடாது" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அன்று முழுக்க எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது. கோபப்பட ஓர் ஆளும் அகப்படவில்லை.

பயறு வேலை செய்தது. முதல் வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கெண்டைச்சதையைத் தொட்டால் துள்ளுவது நின்றது. அய்யாக்கண்ணு தினமும் வந்து எங்கள் முன்னால் குந்தி எழுந்து காட்டுவார். முதலில் மேசையைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு தன் தொடையையே ஊன்றி. பாதத்தில் இறகு மட்டும் தெரியாமலே இருந்தது. அது வர மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் நான் தினமும் தடவிக்கொண்டிருந்தேன், அவரும் தினமும் காத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு டாக்டர்கள் கூடிய அன்று கனகசபை டாக்டரும் உட்கார்ந்தார். இன்னொருவர் வயதான வெள்ளைக்காரர். திருப்பிச் சொல்லும் வேலை என்னுடையது. வெள்ளைக்காரர் அதிகம் பேசவில்லை. குந்தி எழச் சொன்னார். அய்யாக்கண்ணு கண்ணை மூடி முருகா என்று முணுமுணுத்துவிட்டுக் குந்தினார். எழும்போது இரண்டு முட்டியும் சடசடவென்று சொடுக்கிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஆனால் எழுந்துவிட்டார். கை எங்கும் படவில்லை. அந்தச் சத்தம் என்ன என்று வெள்ளைக்காரர் கேட்டார். அது வயசு, கால்கள் சரி என்றார் கனகசபை டாக்டர். வெள்ளைக்காரரும் தன் முழங்காலைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். வண்டி வேண்டாம், கொட்டகையில் மாடு பார்க்கும் வேலை கொடுக்கலாம், அறையில் இருக்கலாம் என்று எழுதினார்கள். நான் அதைத் தமிழில் சொன்னேன். அய்யாக்கண்ணு எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக் கும்பிட்டார்.

அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் முழுக்க டாக்டர் ஏதாவது சாக்குச் சொல்லி லயத்துப் பக்கம் போய்வந்தார். நானும் போனேன். குழந்தை அழும்போதெல்லாம் எங்களுக்கு அமிர்தமாக இருந்தது. பக்கத்து அறைக்காரர்கள்தான் தூக்கம் போகிறது என்று முணுமுணுத்தார்கள்.

அந்த மாதம் தாண்டி, அம்மை குத்திக்கொள்வதற்காக அஞ்சலை குழந்தையோடு மருந்தகத்துக்கு வந்தாள். அன்று அய்யாக்கண்ணு தண்ணீர்மலைக்கு நடந்தே போய் விரதத்தை முடித்துக்கொண்டு வருவதாகவும், நேராக இங்கே வருவதாகவும் சொன்னாள். நான் குழந்தையின் தோளைத் துடைத்து, கீறி, மருந்து வைத்தேன். குழந்தை அறை அதிர அலறியது. அஞ்சலை தூக்கிச் சமாதானம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் அழவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் டாக்டரிடம் கேட்டாள்.

"அய்யா, அப்பவும் நான் பயறு தின்னிருந்தா அந்தப் புள்ள இருந்திருக்கும். இல்லையா?"

டாக்டர் பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் அவளை நேராகப் பார்த்து, "ஓம் பிள்ளை, இருந்திருக்கும்" என்றார்.

அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். முன்பே தெரிந்துவைத்திருந்த ஒன்றுக்கு ஆட்டுவதுபோல்தான் இருந்தது. எத்தனை மாதமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த மனுஷருக்குப் பயறு வேகவைத்துக் கொடுத்தாளோ தெரியாது. அப்பாவுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். நாங்கள் சொல்லமாட்டோம் என்றார் டாக்டர்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அய்யாக்கண்ணு நெற்றி நிறைய விபூதியோடு, இலையில் பிரசாதத்தை ஏந்திக்கொண்டு வந்தார். டாக்டருக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு, கிராணிக்குக்கூட ஒரு பங்கு கொடுத்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"ரெண்டாவது புள்ளைக்கு என் விரதத்துல ஏதோ கொறை இருந்துருக்குங்க அய்யா. மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. இந்தத் தடவை கொறை வைக்கல பாத்தீங்களா?" என்றார்.

டாக்டர் பிரசாதத்தை மேசைமேல் வைத்தார். நான் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பவும் நீங்க ஒரு கொறையும் வைக்கலப்பா" என்று சொல்லிவிட்டு, அஞ்சலை குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.